உரிமம் தாண்டும் எல்லையைத் தண்டம் தாண்டாதோ?

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் சந்தையை ஒட்டிய சாலையில் எவரும் விரைந்து வண்டி ஓட்ட இயலாது. காய்கறி வாங்க வந்தவர் ஒருபுறம், கெக் லோக் சி கோயிலுக்குச் செல்லும் பேருந்துகள் மறுபுறம், கொடிமலை இரயிலடியைத் தேடி வழி கேட்போர் நடுவில். சீனப் பெருநாளை அடுத்த நாள்களில் இவ்வழியே எறும்பென ஊர்ந்து செல்லும் வண்டிகளுள் சிங்கப்பூர்ப் பதிவெண் தாங்கியவை பல. தாய்லாந்து எழுத்துப் பொறித்த எண்பலகைகளும் இடையிடையே தென்படும். அவற்றை ஓட்டி வருவோர் அங்கே காட்டும் பொறுமையைக் காண்போர், விருந்தினர் பண்பறிந்தவர் என்று பாராட்டவே செய்வர். அவ்வண்டிகளுள் ஒன்று அன்று காலை ஈப்போவைக் கடந்தபோது எவ்வாறு பறந்தது என்பதைச் சந்தையில் நிற்போர் அறியார். நெடுஞ்சாலையோரத்துப் படக்கருவி அறிந்திருக்கலாம். அது அறிந்ததனால் ஆன பயன் யாது என்பதே வினா.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்பதே உச்ச வரம்பு. 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் அது 80. பள்ளிகளை அடுத்த சாலைகளில் பள்ளி நேரத்தில் 30. இவ்வெண்கள் எவருடைய மனம்போன போக்கிலும் எழுதப்பட்டவை அல்ல. 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 31 மீட்டர் கடக்கும். 150-இல் சென்றால் 42 மீட்டர். மோதலின்போது வெளிப்படும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 110-ஐ 150 ஆக்கியவன் ஆற்றலை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறான். இயக்க ஆற்றல் பாடத்தை மேல்நிலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டுவதில்லை. அவ்விதி வண்டி எந்த நாட்டில் பதிவு பெற்றது என்று கேட்பதும் இல்லை.

கேட்பது சட்டம் மட்டுமே. பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டும் ஒருவர் வரம்பை மீறினார் என்று கொள்க. 2012 முதல் நிறுவப்பட்டு வரும் தானியங்கிப் படக்கருவிகளுள் ஒன்று எண்பலகையைப் பதிவு செய்யும். அந்த எண்ணுக்குரியவர் பெயரும் முகவரியும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஏட்டில் உள்ளன. சம்மன் வீடு தேடி வரும். செலுத்தாது காலம் கடத்தினால், சாலை வரியைப் புதுப்பிக்கச் செல்லும் நாளில் தடை எழும். சாலை வரியின்றி லாரி ஓடாது. லாரி ஓடாவிடில் அடுப்பு எரியாது. ஆகவே கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார். இனி, அதே இடத்தில், அதே வேகத்தில், சிங்கப்பூர் வண்டியொன்று சென்றது என்று கொள்க. படக்கருவி அதனையும் பதிவு செய்யும். ஆனால் அவ்வெண்ணுக்குரியவர் பெயர் இருக்கும் ஏடு கோலாலம்பூரிலோ புத்ராஜெயாவிலோ இல்லை. நீரிணைக்கு அப்பால் உள்ளது. சங்கிலியின் இரண்டாம் கண்ணி அங்கேயே அற்றுவிடுகிறது. பல்லாண்டுகளாக நிகழ்ந்தது இதுவே.

இதனைச் சொன்னவுடன் சிலர் சினந்தெழுவர். சிங்கப்பூரர் செருக்குடையவர், பணம் மிகுந்தவர், அண்டை வீட்டு முற்றத்தைத் தம் ஓட்டப் பந்தயத் திடலாகக் கொண்டவர் என்பர். இது சோம்பலான வாதம். சிங்கப்பூர் விரைவுச் சாலைகளில் உச்ச வரம்பு 90. அங்கே 90-ஐத் தாண்ட அஞ்சி ஓட்டும் அதே மனிதர், ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சில நாழிகைக்குள் 150-ஐத் தொடுகிறார். பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒருவர் பிறவிக்குணம் மாறிவிடுமோ? மாறியது குணமன்று, கணக்கு. அப்பால் பிடிபட்டால் தண்டமும் உண்டு, தண்டப்புள்ளியும் உண்டு. 24 மாதங்களுக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமமே இடைநிறுத்தப்படும். இப்பால் பிடிபட்டால், வீடு திரும்பும் வரை எவரும் நிறுத்தாதிருந்தால் போதும் என்று அவர் கணக்கிட்டார். அக்கணக்கை நெடுங்காலம் பொய்யாக்காது வைத்திருந்தது யார் குற்றம்?

வெளிநாட்டு வண்டிகளுக்கு நுழைவு அனுமதி என்னும் திட்டம் வகுக்கப்பட்டு, 2017-இல் பதிவு தொடங்கிற்று. 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வரும் என்றனர்; ஒத்திவைத்தனர். 2024 அக்டோபர் 1-இல் மீண்டும் தொடங்கி, அனுமதியின்றி வருவோர்க்கு எச்சரிக்கை மட்டும் வழங்கினர். 2025 சூலை 1-இல்தான் 300 ரிங்கிட் தண்டத்துடன் சட்டம் முழு வலிமை பெற்றது. பதிவுக்கும் தண்டத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள்! முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை தொடக்கப் பள்ளியை முடித்து இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் எட்டும் காலம் அது.

இப்பொழுதும் ஒரு மயக்கம் நிலவுகிறது. அந்த 300 ரிங்கிட் மின்பட்டை ஒட்டாமைக்கான தண்டமேயன்றி வேகத்துக்கான தண்டம் அன்று. பட்டை ஒட்டியவரெல்லாம் வரம்புக்குள் ஓட்டுகின்றனர் என்று எவரேனும் எண்ணினால் அது பேதைமை. பட்டையின் பயன் வண்டியையும் உடையவரையும் அடையாளம் காட்டுவது. தீராத சம்மன் உள்ள வண்டியை நாட்டைவிட்டு வெளியேறுமுன் தடுக்க வழி செய்வது. அடையாளம் கண்டபின் தடுக்கும் துணிவும் வேண்டும். பெருநாள் மாலையில் ஜொகூர் பாருவில் வண்டிகள் வரிசை வரிசையாய் நிற்கும்பொழுது, நெரிசலைக் காரணங்காட்டி வாயிலைத் திறந்துவிட்டால் பட்டை வெறும் ஒட்டுத்தாளாகிவிடும். வடக்கே புக்கிட் காயு ஈத்தாம் வழியாக நுழையும் தாய்லாந்து வண்டிகளுக்கோ வேறோர் அனுமதி முறை. ஒரே சாலையில் ஒரே குற்றத்துக்கு ஒரு நாட்டார்க்கு ஒரு வாயில், மற்றொரு நாட்டார்க்கு மற்றொரு வாயில் என்றிருப்பதில் நியாயம் ஏதும் இல்லை.

தண்டத்தைக் கண்டிப்பாக வாங்கினால் சுற்றுலாப் பயணியர் வாரார் என்று வணிகர் அஞ்சுகின்றனர். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. விடுதியும் உணவகமும் நடத்துவோர்க்கு விடுமுறை நாள் வருவாயே ஆண்டு வருவாயில் பெரும்பங்கு. ஆயினும் பக்கத்துப் பள்ளியிலிருந்து விளையாட்டுப் போட்டிக்கு வந்த மாணவன் சன்னல் கண்ணாடியை உடைத்தால், அடுத்த ஆண்டு அப்பள்ளி போட்டிக்கு வராதே என்றெண்ணி வாளாவிருக்கும் ஆசிரியர் உண்டோ? அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுவார். அங்குள்ள ஆசிரியரும் அதனை வரவேற்பார். வரம்புக்குள் ஓட்டி வரும் பெரும்பாலோர் தண்டத்துக்கு அஞ்சி வராதிருக்கப் போவதில்லை. வராதொழிபவர் 150-இல் ஓட்டவே வருபவராயின், அவர் கடையில் வாங்கும் தேநீரின் விலையைவிட அவர் சாலையில் விளைக்கும் இடரின் விலை பெரிது.

மனுநீதிச் சோழன் கதையைத் தமிழாசிரியர் சொல்லாத வகுப்பில்லை. இளவரசன் விரைந்து செலுத்திய தேர்க்காலில் கன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சொந்த மகனுக்கும் விலக்களிக்காத நீதி என்று அதனைப் போற்றுவர். ஆனால் வகுப்பில் எவரும் கேளாத வினா ஒன்றுண்டு. தேரோட்டியவன் பாண்டிய நாட்டு இளவரசனாய், அந்திக்குள் எல்லை கடந்து மதுரை சேர்ந்திருந்தால் சோழன் என் செய்திருப்பான்? பசு மணியை அசைத்துக்கொண்டே நின்றிருக்கும். மன்னன் நேர்மையில் குறைவில்லை. பசுவின் துயரத்திலும் குறைவில்லை. இரு அரசர்க்கிடையே ஓலை ஒன்று போய்வரும் வழக்கம் இல்லாமையே குறையாகியிருக்கும். ஒரு நாட்டு நீதி எத்துணைச் செம்மையாயினும் எல்லையில் நின்றுவிடுமாயின், கன்றை இழந்தவர்க்கு அதனால் ஆவதொன்றில்லை.

அந்த ஓலையைப் போக்குவது பகைச்செயல் என்று கூறுவோர் சிங்கப்பூரையே நோக்குக. வெளிநாட்டு வண்டிகள் கட்டாமல் விட்ட தண்டங்கள் ஏறத்தாழ 4 இலட்சம் குவிந்துள்ளதாக அந்நாடு அறிவித்தது. 2019 ஏப்ரல் 1 முதல், தண்டம் தீர்க்காத வெளிநாட்டு வண்டிக்கு நுழைவு மறுக்கப்படலாம் என்றும் ஆணை பிறப்பித்தது. அங்கு நாள்தோறும் நுழையும் வெளிநாட்டு வண்டிகளுள் மிகப்பெரும்பாலானவை மலேசிய வண்டிகளே. ஆக, சிங்கப்பூரர் சம்மன் கட்டுவதில்லை என்று தேநீர்க் கடையில் முழங்குவோர், அந்த 4 இலட்சத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. ஆணை வந்தபின் மலேசியர் சிங்கப்பூருக்குச் செல்வதை நிறுத்தினரோ? ஜொகூர்ப் பாலத்து நெரிசலே விடை.

ஐரோப்பாவில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அங்கே பல எல்லைகளில் வாயிலே இல்லை. சாலையில் ஓடுவனவற்றுள் 5 விழுக்காடே அயல்நாட்டார் வண்டிகள். வேக மீறல்களுள் 15 விழுக்காடு அவர்களுடையவை என ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. பெல்ஜியத்தாராயினும் போலந்தாராயினும் எல்லை கடந்தால் இதே கணக்கைத்தான் போடுகின்றனர். வண்டி உடையவர் விவரத்தை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று வழங்க வேண்டும் என 2011-இல் சட்டம் இயற்றினர். அதன் சட்ட அடிப்படை பிழையானது என்று 2014-இல் நீதிமன்றம் தள்ளியது. அவர்கள் எட்டாண்டு காத்திருக்கவில்லை. அடிப்படையைத் திருத்தி 2015-இலேயே மறுபடி இயற்றினர்.

அயலார் மீது மட்டும் பாய்வது நேர்மையா, உள்நாட்டார் யோக்கியமா என்றொரு மறுப்பும் உண்டு. இம்மறுப்பே மற்றவற்றைவிட வலியது. உள்நாட்டில் சம்மன் கட்டும் பழக்கம் சீர்கெட்டதற்குத் தள்ளுபடி விழாக்களே பெருங்காரணம். பண்டிகை வந்தால் துணிக்கடையில் தள்ளுபடி, சம்மனிலும் தள்ளுபடி! பாதித் தொகையைக் கழித்துக்கொள்கிறோம், வந்து கட்டுங்கள் என்று அதிகாரிகளே அழைத்தனர். உடனே கட்டியவர் முழுத்தொகை கட்டி ஏமாந்தார். ஆண்டுக்கணக்கில் கட்டாதிருந்தவர் பாதி கட்டிச் சிரித்தார். வீட்டுப்பாடம் எழுதி வந்த மாணவனை நிற்கவைத்துவிட்டு எழுதாதவனுக்கு இனிப்பு வழங்குவது போன்றது இது. 2026 சனவரி 1 முதல் இம்முறை தலைகீழாக்கப்பட்டுள்ளது. 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு கழிவு, அதன்பின் முழுத்தொகை, 60 நாள் கடந்தால் நீதிமன்றம். விரைந்து கட்டியவர்க்கே நன்மை என்னும் இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் இந்த நாள்கணக்கும் வீட்டு முகவரி உடையவரை மனத்திற்கொண்டு வகுத்ததே. மூன்றாம் நாளே ஊர் திரும்பும் பயணிக்கு அறுபதாம் நாள் நீதிமன்றம் என்பது கனவிற் கண்ட காவலன். அவருக்கு உரிய தவணை ஒன்றே: வாயிலைக் கடக்கும் முன்.

பினாங்குவாசிகள் இவ்வழக்கில் வெறும் பார்வையாளர் அல்லர். பள்ளி விடுமுறை விட்டதும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் பாயா தெருபோங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாய் வண்டியேறி ஹட்யாய் செல்கின்றனர். சடாவ் சோதனைச் சாவடியைக் கடந்த அக்கணமே அவர்கள் அயல்நாட்டு ஓட்டுநர் ஆகிவிடுகின்றனர். தாய்லாந்துச் சாலையில் அவர்களுள் சிலர் ஓட்டும் ஓட்டத்தை அவ்வூர்ப் பள்ளி வாயிலில் நிற்கும் ஆசிரியர் எவ்வாறு காண்பார்? சிங்கப்பூர் வண்டியைக் கண்டு ஈப்போவில் ஒருவர் சொல்லும் சொற்களையே அவரும் தம் மொழியில் சொல்லுவார்.

1985-ஆம் ஆண்டு ஆசியான் நாடுகள் ஒன்றன் ஓட்டுநர் உரிமத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ள உடன்பட்டன. ஜார்ஜ்டவுனில் தேர்வெழுதிப் பெற்ற உரிமம் சிங்கப்பூரிலும் செல்லும், தாய்லாந்திலும் செல்லும். அருமையான உடன்பாடு. ஆனால் உரிமம் தாண்டிய எல்லையைத் தண்டப்புள்ளி இன்னும் தாண்டவில்லை. ஈப்போவில் 150-இல் பறந்தவர் ஏட்டில் சிங்கப்பூரில் ஒரு புள்ளியும் ஏறாது. சிங்கப்பூரில் மீறிய மலேசியர் ஏட்டில் இங்கே ஒரு புள்ளியும் ஏறாது. ஓட்டத் தகுதியுடையவர் என்று ஒரு நாடு சொல்வதை மற்றொரு நாடு நம்புகிறது; தகுதியிழந்தார் என்று சொல்வதை நம்ப மறுக்கிறது. ஆசிரியர் ஒருவர் அயற்பள்ளி மாணவனின் தேர்ச்சிச் சான்றிதழை ஏற்றுக்கொண்டு, அவன் நன்னடத்தைக் குறிப்பை மட்டும் கிழித்தெறிந்தால் எவ்வாறிருக்கும்?

வண்டி உடையவர் விவரத்தை இரு இலாகாக்களும் ஒன்றுக்கொன்று வழங்கட்டும். வேகக் குற்றத்துக்குரிய புள்ளியை அவரவர் நாட்டு ஏட்டிலேயே ஏற்றட்டும். தண்டத்தொகை சிறிது; செல்வர் அதனைச் சுங்கக் கட்டணமாகவே கருதுவர். உரிமத்தை இழக்கும் அச்சம் வேறு. அதற்கு உடன்படிக்கை வேண்டும். உடன்படிக்கைக்குக் காலம் ஆகும். வாயிலில் நிலுவையைக் கேட்பதற்கோ உடன்படிக்கை தேவையில்லை. தெற்கிலும் வடக்கிலும் ஒரே முறையில், நெரிசல் நாளிலும் தளர்த்தாமல் கேட்டால் போதும். மின்பட்டையின் ஆயுள் ஐந்தாண்டு. 2024-இல் ஒட்டிய பட்டை 2029-இல் புதுப்பிக்க வரும். அப்பொழுது பழைய சம்மன்களைத் தீர்த்தாக வேண்டும் என்று ஆறுதல் கூறுவோரும் உளர். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை சீனப் பெருநாள், எத்தனை பள்ளி விடுமுறை, அந்நெடுஞ்சாலையில் எத்தனை பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள்!