விற்கப்போகும் வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் எதற்கு?

வீட்டை விற்கப்போகிறோம் என்று வாயெடுத்தால் போதும், தரகர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள்: "முதல்ல முகப்புக்குப் பெயிண்ட் அடிங்க சார், அஞ்சு லட்சம் கூடுதலாவே கேட்கலாம்." உடனே காம்பவுண்ட் சுவருக்குப் புது நிறம், கேட்டுக்குக் கறுப்பு எனாமல், போர்ட்டிகோ தூணுக்கு டைல்ஸ் என்று செலவு தொடங்கிவிடுகிறது. இந்தச் செலவு விற்பவருக்கு வீண். வாங்குகிறவருக்கோ பல நேரங்களில் பெருந்தீங்கு.

சென்னையில் பழைய தனி வீட்டின் விலையை முடிவுசெய்வது மனை. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு அந்தத் தெருவில் என்ன விலை போகிறது, தெரு எத்தனை அடி அகலம், மனை எந்தத் திசை பார்த்தது என்றுதான் பேச்சு தொடங்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் மனைக்குத் தனியாக விலை போடுவார். கட்டடத்துக்கு வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பார். முகப்பின் நிறத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தி.நகர், அடையாறு போன்ற இடங்களில் பழைய வீட்டை வாங்கும் பில்டர் அதை இடித்து அடுக்குமாடி கட்டத்தான் வாங்குகிறார். இடிபடப்போகும் சுவருக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷனும் அடிப்பது யாருக்காக?

குடியிருக்க வாங்குகிறவர் முகப்பைப் பார்த்துத்தானே உள்ளே வருவார் என்று கேட்பார்கள். ஆமாம். என் கோபமே அங்கேதான்.

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வடிந்த பிறகு சுவரில் ஒரு கறைக் கோடு தங்கியது. அந்த வீட்டை வாங்க வருகிறவர் வேறெதையும்விட முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான். ஒரு நாள் பெயிண்ட் வேலையில் அது காணாமல் போகிறது. ஓதம் ஏறிய சுவரும் அப்படியே. கோடையில் உப்பைச் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தால் பளிச்சென்று இருக்கும்; பத்திரப் பதிவு முடிந்து ஐப்பசி மழை பிடித்ததும் குமிழ் குமிழாக உரிந்து வரும். சன்ஷேடின் அடியில் உள்ள வெடிப்பு இன்னும் ஆபத்தானது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துத்தான் காங்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே சிமெண்டைத் தடவி நிறம் அடித்தால் துரு நிற்காது. என்றோ ஒரு நாள் அந்தத் துண்டு கீழே நிற்பவர் தலையில் விழும்.

சட்டமும் இதில் பேசாமல் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். வெளியே தெரிகிற வெடிப்பைப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. அதை மூடிய நிமிடமே பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. பெயிண்ட் அடிக்கச் சொல்லும் தரகர் இதைச் சொல்வதில்லை.

வாங்குகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பில்டர் கட்டி ஒப்படைக்கும் புது வீட்டின் கட்டுமானக் குறைகளுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஐந்தாண்டுப் பொறுப்பை வைத்திருக்கிறது. கைமாறும் பழைய வீட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டி, கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டு வருகிற குடும்பம், முதல் மழையிலேயே மறுபடி கொத்தனாரைத் தேடி ஓடுகிறது.

முற்றத்தைப் பெருக்குங்கள், செடியை வெட்டுங்கள், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். இதையெல்லாம் யார் வேண்டாம் என்றார்கள்? பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மொட்டை மாடித் தளவோட்டின் இடுக்குகளை அடையுங்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தகப்பனார் காலத்துச் சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழை வாங்கி, வில்லங்கச் சான்றோடும் மூலப்பத்திரத்தோடும் சேர்த்து வையுங்கள். பேரம் முறிவது பெரும்பாலும் இந்தக் காகிதங்கள் சரியாக இல்லாததால்தான். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் என்ன நிறம் அடித்துக் கொடுத்தாலும், வாங்குகிறவர் கிரகப்பிரவேசத்துக்கு முன் தனக்குப் பிடித்ததை அடிக்கத்தான் போகிறார்.