பாரம்பரியப் பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா?



புழலிலிருந்து பஸ் ஏறி பாரிமுனைக்குப் போகும்போதெல்லாம் அரண்மனைக்காரன் தெருப் பக்கம் ஒரு நடை போய் வருவது என் வழக்கம். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. அர்மீனியன் தெரு என்பதுதான் நம் மக்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அந்தத் தெருவில்தான் கோகலே மன்றம் இருக்கிறது.

1914-ல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்திய இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்துக்காக எழுந்த கட்டடத்துக்கு, 1915 பிப்ரவரியில் மறைந்த கோபால கிருஷ்ண கோகலேயின் பெயரை வைத்தார்கள். படிக்க நூலகம், உடம்பை வளர்க்க உடற்பயிற்சிக்கூடம், கூடிப் பேச மண்டபம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1916-ல் பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கம் பிறந்ததும் இந்த மண்டபத்தில்தான். பின்னாளில் சங்கீதக் கச்சேரிகளும் நடந்தன.

இத்தனை பெருமை இருந்தும் என்ன ஆனது? ஒரு பகுதியை இடித்த பிறகுதான் வழக்கும் தடையும் வந்தன. பாதி உடைந்த கட்டடம் வருஷக்கணக்கில் மழையில் நனைந்தது. பாரம்பரியக் கட்டடம் என்ற அங்கீகாரம் ஒரு ஓட்டைக்கூட மாற்றிப் போடவில்லை. 2012-ல் நிறைவேறிய தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

"தனியார் அமைப்பின் கட்டடம் சார், நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாரிமுனையில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று எனக்கும் தெரியும். இடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு, பராமரிப்புச் செலவு முழுவதையும் உரிமையாளர் தலையில் கட்டினால், கட்டடம் தானாக விழட்டும் என்று காத்திருப்பார்கள். மும்பையில் பழைய கட்டடத்தைக் காப்பாற்றுகிறவர், அங்கே கட்ட முடியாமல் போன பரப்பின் உரிமையை வேறு இடத்துக்காக விற்றுக்கொள்ள விதி இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு கை கொடுத்தால்தான் காரியம் நடக்கும்.

இன்னொன்று, நம் பணம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று நாம் எல்லோரும் கட்டுகிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948-ல் நம் மதராஸ் மாகாணத்தில்தான் வந்தது. அந்த மரபுக்குச் சொந்தக்காரர்கள் கேட்பதில் என்ன தவறு?

என் வகுப்பில் படித்த பிள்ளைகளில் பலருக்கு வீடு என்பது ஒற்றை அறை. டி.வி. ஒரு மூலையில், தம்பி தங்கை ஒரு மூலையில். போட்டித் தேர்வுக்குப் படிக்க இடம் தேடி அலைந்தவர்களை நான் அறிவேன். கொளத்தூரில் 2024-ல் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். படிக்க ஒரு மேஜை, நாற்காலி, விளக்கு கிடைத்தால் நம் பிள்ளைகள் தேடி வருவார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்குப் பாரிமுனை பஸ் எட்டும் தூரம்தானே?

ஆகவே என் கோரிக்கை இதுதான். கோகலே மன்றத்தைச் செப்பனிட்டால் அதைக் கண்ணாடிக்குள் வைத்த பொம்மை ஆக்கிவிடாதீர்கள். வாசகசாலையையும் உடற்பயிற்சிக்கூடத்தையும் வடசென்னைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திறந்துவிடுங்கள். ஆள் புழங்காத வீடு சீக்கிரம் விழும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நூலகத்துக்கும் அதே கதிதான்.

அந்த மன்றத்தில் படித்தவர்கள், கச்சேரி கேட்டவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் நினைவைக் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஒரு மனுவாகக் கொடுக்கலாம். முதல் கையெழுத்து என்னுடையது.