இணையம் தளர்ந்தால்

வீட்டில் இணையம் தளர்ந்துவிட்டது என்ற முறைப்பாடு எழுந்ததும், கூடிய கட்டணம் செலுத்திக் கூடிய வேகம் வாங்க முனைவோர் பலர். நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து வாங்கும் செயல் இது. 2020ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் திரை வழியே நடந்தபோது, இத்தளர்ச்சி மாணவரின் கல்வியையே பாதித்ததை நாம் கண்டோம். ஆதலின் இவ்வாரம் அதன் காரணத்தை ஆராய்வோம்.

முதலில் தெளிய வேண்டியது, குறை வெளியிலிருந்து வரும் இணைப்பிலா, வீட்டினுள் உலவும் வைஃபை அலையிலா என்பதே. ஏனைய கருவிகளை நிறுத்திவிட்டு, கணினியை வடம் ஒன்றினால் ரவுட்டரோடு நேரே பொருத்தி வேகத்தை அளந்து பார்க்க. காலையில் ஒரு தடவையும் இரவு 8 மணியளவில் ஒரு தடவையும் அளத்தல் நன்று. வடத்தில் வேகம் நிறைந்தும் படிக்கும் அறையில் குறைந்தும் இருப்பின், கொம்பனியாரை நோவதிற் பயனில்லை. வடத்திலும் குறைந்திருப்பின், திகதியும் நேரமும் அளவும் குறித்து அவர்களுக்கு அறிவிக்கலாம். இலக்கத்தோடு செல்லும் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

ஆனால் அளவையிலும் ஒரு மயக்கம் உண்டு. விளம்பரத்தில் வருவது மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 மெகாபிட் சேர்ந்ததே 1 மெகாபைட். எனவே 16 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 2 மெகாபைட் அளவில் இறங்குமாயின் குறை ஒன்றுமில்லை. இதனை அறியாது கொம்பனியாரோடு வாதிட்டவர் எத்தனை பேரோ!

வீட்டினுள்ளே குறை இருப்பின், முதலில் ஐயுற வேண்டியது ரவுட்டர் இருக்கும் இடம். கம்பி நுழைந்த மூலையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் அதை ஒளித்து வைப்பது நம்மவர் வழக்கம். உலோகமும் தடித்த சீமெந்துச் சுவரும் அலையை மெலியச் செய்வன. வீட்டின் நடுவே, சற்று உயரத்தில், திறந்தவெளியாக வைத்தல் வேண்டும். ரவுட்டர்கள் பல இருவகை அலைகளைத் தருகின்றன. 2.4 கிகாஹேட்ஸ் அலை சுவர் கடந்து தூரம் செல்லும். எனினும் அயல்வீட்டு ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதற்கு இடையூறு செய்யும். 5 கிகாஹேட்ஸ் அலை விரைவானது. சுவர்களைக் கடக்கக் கடக்க விரைவில் மெலியும். அருகிருந்து படிப்போர் பின்னதையும், தூர அறையினர் முன்னதையும் தெரிவு செய்க.

தொலைபேசிச் செப்புக் கம்பி வழியே இணையம் பெறுவோர், தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கவும். இரைச்சல் கேட்குமாயின் கம்பியிலோ பொருத்திலோ பழுது இருக்கக்கூடும். தொலைபேசியின் முன் பூட்டும் வடிகட்டியையும் சோதிக்க வேண்டும். பாட வேளையில் மட்டும் தடை நேருமாயின், வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் அந்நேரத்தில் தாமாகவே படங்களை மேலேற்றுகின்றனவா என்று பார்த்து, அதனை இரவுக்கு ஒத்திவைக்கலாம்.