கைகட்டி உட்காரவா பள்ளிக்கு வந்தார்கள்?

டீச்சர் லீவு என்றால் பதிலுக்குப் போகிறவர் சொல்வது ஒன்றுதான்: "கையைக் கட்டு, வாயைப் பொத்து." கேட்டால், "எனக்கு வரைய வராது சார்." நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். இன்று வெட்கப்படுகிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேரக் கலை ஆசிரியரைச் சொல்வது 6 முதல் 8 வகுப்புகளுக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்துக்கு நம்மை விட்டால் யார்?

பூவரச இலையை நரம்பு மேலே தெரிய வையுங்கள். அதன்மேல் தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வெண்டைக்காயை நறுக்கி வண்ணத்தில் தொட்டு ஒற்றினால் பூ. இதற்கு ஓவியர் எதற்கு?

பேசவே பேசாத இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருநாள் கத்தினாள்: "சார், இலைக்கும் ரேகை இருக்கு!"

அமைதியான வகுப்புதான் நல்ல வகுப்பு என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்.