கண்ணாடிக்குள் ஒரு உடைந்த தேவாலயம்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மகளுடன் ஹாமாருக்குப் போயிருந்தேன். ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம்தான். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், போனதில்லை. வேலை, வீட்டுக்கடன், கலியாணவீடு, சாமத்தியவீடு என்று காலம் ஓடிவிட்டது. எங்கட ஆக்களுக்கு சுற்றுலா என்றால் லண்டனில் மச்சான் வீடும் கனடாவில் அண்ணன் வீடும்தானே! உடைந்த கோவிலைப் பார்க்கக் காசு குடுத்துப் போவதென்றால் "உனக்கென்ன விசரோ?" என்பார்கள்.

ஹாமார் சின்னஞ்சிறு நகரம். நோர்வேயின் பெரிய ஏரியான மியோசாவின் கரையில் இருக்கிறது. 1150களில் ஆயரின் இருக்கையாகி, பேராலயம் எழும்பிய ஊர். கடலைக் காணாமல் உள்நாட்டுக்குள் இருந்த ஒரேயொரு மத்தியகால நோர்வே நகரம் அதுதான். 1567இல் சுவீடன் படைகள் பேராலயத்தை அழித்தன. அதன் பிறகு நகரமே இல்லாமல் போய்விட்டது. 1849இல்தான் மீண்டும் நகரமானது.

இப்போது மிஞ்சி நிற்பது நான்கு வளைவுகளும் கொஞ்சச் சுவரும். சுண்ணாம்புக் கல்லுக்குள் தண்ணீர் இறங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல்லைப் பிளந்துகொண்டிருந்ததாம். அதனால் முழு இடிபாட்டுக்கும் மேலாக உருக்கும் கண்ணாடியும் கொண்டு ஒரு பெரிய கூடாரம் போட்டார்கள். 1998இல் அது திறக்கப்பட்டது. உள்ளே கலியாணமும் நடக்கிறது, கச்சேரியும் நடக்கிறது.

"ஆரப்பா உடைச்சது?" என்று மகள் கேட்டாள்.

"சுவீடன்காரர்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்கள் போன கிழமை அங்கதானே இறைச்சி வாங்கினாங்கள்!"

நானும் சிரித்தேன். ஆனால் மனம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது.

2017இல் ஊருக்குப் போனபோது நூலகத்துக்கும் போனேன். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த அதே இடம். பளிச்சென்ற வெள்ளை. தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். எரிந்த தடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பக்கத்தில் கோட்டைக்குள், 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் 1990ஆம் ஆண்டுச் சண்டையில் சிதைந்து கற்குவியலாகக் கிடந்தது. மேலே பற்றை.

ஒன்றை வெள்ளையடித்து மறைத்தாயிற்று. மற்றதைக் குப்பையாக விட்டாயிற்று. இரண்டு வழியும் மறதியில்தான் போய் முடியும் என்பது என் எண்ணம்.

நூலகத்தைத் திருப்பிக் கட்டியது பிழையென்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து படிக்க ஏலாது. ஆனால் கருகின ஒரு சுவரையாவது அப்படியே விட்டிருக்கலாம். ஒரு முழம் சுவர் போதும். வருகிறவன் அதற்கு முன்னால் நின்று "ஆர் செய்தது?" என்று கேட்டிருப்பான். கேட்டால் ஒருவர் பதில் சொல்லத்தானே வேண்டும்?

"அவையளுக்கு 450 வருசம் கழிஞ்சு போச்சு, எங்களுக்கு நேற்று நடந்தது" என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் ஹாமாரில் கோபம் ஆறினதற்குக் காலம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆர் உடைத்தான், எப்ப உடைத்தான் என்பதை அங்கே ஒருவரும் ஒளிக்கவில்லை. ஒளிக்காததால்தான் சனிக்கிழமையில் சுவீடனுக்குப் போய் இறைச்சி வாங்கவும் முடிகிறது.

திரும்பி வரும்போது ரயிலில் மகள் கேட்டாள், "அப்பா, நூலகம் எரிஞ்சபோது உங்களுக்கு எத்தினை வயசு?"

இவ்வளவு காலத்தில் அவள் இதைக் கேட்டது அன்றுதான். ஒஸ்லோ வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.