ஓரத்திலிருந்த பிள்ளையின் கேள்வி

ஹந்தானைச் சாரலிலே நமக்கு அறிமுகமான ஓர் இல்லம். 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், அவ்வில்லத்துப் பிள்ளைகள் மூவரும் மிகப் பழைய மடிக்கணினி ஒன்றின் முன் அமர்ந்தே பாடங் கேட்டனர். நடுவில் மூத்தவன், ஓரத்தில் கடைக்குட்டி. ஒருநாள் அச்சிறுமி, "சேர், அண்ணனுக்குக் கறுப்பாய்த் தெரிகிற எழுத்து எனக்கு மட்டும் ஏன் வெளிறித் தெரிகிறது?" என்று நம்மிடம் வினவினாள். கண்ணிற் குறையோ எனப் பெற்றோர் கலங்கியிருந்தனர். இருவரையும் இடம் மாறி அமரச் சொன்னோம். இப்போது அண்ணனுக்கு எழுத்து வெளிறியது! குறை கண்ணிலன்று, திரையிலே.

கண்டி வாவியில் மாலை வெயில் பட்டுக் கண் கூசுகையில், ஒருவகைக் கறுப்புக் கண்ணாடி அக்கூச்சத்தைத் தணிப்பதை வாசகர் கண்டிருப்பர். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே அது விடும். இதனை முனைவாக்கி என்பர். கணினித் திரையில் இத்தகைய தகடுகள் இரண்டு ஒன்றுக்கொன்று செங்குத்தாய் உள. இடையே திரவப் பளிங்கு. அதன் கோல் வடிவ மூலக்கூறுகள் முறுக்கி நிற்கையில், ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பி வெளியே விடும். மின்னழுத்தம் பெற்று நிமிர்ந்தால் அவ்விடம் இருளும். ஆயினும், பக்கத்திலிருந்து நோக்குவார்க்கு நிமிர்ந்த கோலும் சாய்ந்தே தோன்றும். அது ஒளியை இரு கூறாக்கி வெவ்வேறு வேகத்திற் செலுத்தும். இதுவே இரட்டை முறிவு. அதனால் ஒளி கசியும், கறுப்பு வெளிறும்.

இதற்கு மருந்தான பொருள் பெங்களூரிற் பிறந்தது. 1977ஆம் ஆண்டு, இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகிய மூவரும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும் எனக் காட்டினர். இச்சந்திரசேகர் சேர். சி. வி. இராமனின் சகோதரி மைந்தர்; விண்ணியல் அறிஞர் சந்திரசேகர் வேறொருவர். தட்டுகளின் இரட்டை முறிவு கோல்களினதற்கு எதிரானது. ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்யும். 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் இத்தகைய மூலக்கூறுகளை மென்படலமாக்கித் திரையில் ஒட்டியது. குறை முற்றும் நீங்காவிடினும் பெரிதுங் குறைந்தது.

அவ்வில்லத்தார்க்கோ புதுக்கணினி வாங்க வசதியில்லை. எனவே, பாடத்துக்கொருவராய் நடுவிடத்தில் அமர்வதெனப் பிள்ளைகளே முடிவு செய்தனர். பிள்ளையொன்று தெரியவில்லை என்றால், அதன் கண்ணையும் கவனத்தையும் ஐயுறுமுன், அது அமர்ந்திருக்கும் இடத்தில் நாமும் ஒருமுறை அமர்ந்து பார்ப்போமாக.