கடைசிக் காட்சியில் ஒரு முத்தம் போதுமா? - ‘தி அவுல் ஹவுஸ்’ கார்ட்டூன் தொடர் மாற்றியது என்ன?

கார்ட்டூன் தொடர்களில் தன்பாலீர்ப்புக் காதல் வருவது இன்று பெரிய அதிசயம் இல்லை. ஆனால், அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மையான கதை தெரியும். பல தொடர்களில் அது கடைசி எபிசோடில், கடைசி சில நிமிடங்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். காதலர்கள் கை கோப்பார்கள், அல்லது முத்தமிடுவார்கள். உடனே ‘முற்றும்’ வந்துவிடும்.

இந்த வழக்கத்தை உடைத்தது டிஸ்னி சேனலில் 2020 ஜனவரியில் தொடங்கிய ‘தி அவுல் ஹவுஸ்’. அதற்குக் கிடைத்த பெயரும் பெரிது, கடைசியில் அது இழந்ததும் பெரிது. (கதையின் முக்கியத் திருப்பங்கள் இந்தக் கட்டுரையில் உண்டு. இனிமேல்தான் தொடரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கவனம்!)

கதை என்ன?

நாயகி லூஸ் நொசேடா. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், ‘லூஸ்’ என்றால் ஸ்பானிஷ் மொழியில் ஒளி. அமெரிக்காவில் வாழும் டொமினிக்கன் குடும்பத்துப் பெண், வயது 14. மாயாஜாலக் கதைகள் என்றால் உயிர். பள்ளியில் அவள் செய்யும் விசித்திரமான வேலைகளைப் பார்த்துக் கவலைப்படும் அம்மா, ‘இயல்பாக’ இருக்கக் கற்றுக்கொடுக்கும் கோடை முகாமுக்கு அவளை அனுப்புகிறார். போகிற வழியில் ஓர் ஆந்தையைத் துரத்திக்கொண்டு ஒரு கதவுக்குள் நுழையும் லூஸ், ‘கொதிக்கும் தீவுகள்’ என்ற மாய உலகத்தில் போய் விழுகிறாள். இறந்துபோன ஒரு பூதாகாரமான டைட்டனின் உடல்தான் அந்தத் தீவு.

அங்கே அவளுக்கு அடைக்கலம் கொடுப்பவர் ஈடா. அரசு தேடிக்கொண்டிருக்கும் சூனியக்காரி. அந்த ஊர்ச் சட்டப்படி ஒவ்வொரு மந்திரவாதியும் ஒரே ஒரு பிரிவில் சேர வேண்டும். சேர்ந்ததும் மற்ற வகை மந்திரங்கள் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டுவிடும். ஈடா எந்தப் பிரிவிலும் சேராதவர், அதான் குற்றம். இந்தச் சட்டத்தைப் போட்ட பேரரசர் பெலோஸ் யார் என்பது பின்னால் தெரிகிறது: மனித உலகத்திலிருந்து வந்து, பல நூறு ஆண்டுகளாக அங்கே ஒளிந்திருக்கும் சூனிய வேட்டைக்காரர்.

‘எல்லாரும் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும்’ என்று சொல்லும் அதிகாரம் ஒரு பக்கம், அடங்காதவர்கள் இன்னொரு பக்கம். தொடர் பாலியல் அடையாளம் பற்றி ஒரு வார்த்தை பேசாத இடங்களில்கூட, அது யாருக்காகப் பேசுகிறது என்பது புரிந்துவிடும்.

இதற்கு முன்னால் என்ன நடந்தது?

‘தி அவுல் ஹவுஸ்’ வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன்னால் சிலர் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

• தி லெஜண்ட் ஆஃப் கோரா: 2014 டிசம்பரில் வந்த கடைசி எபிசோடில் கோராவும் அசாமியும் கைகோத்து ஆவிகள் உலகத்துக்குள் நடந்து போனார்கள். அது நட்பா, காதலா என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். சில நாள் கழித்துப் படைப்பாளிகளே ‘காதல்தான்’ என்று எழுதி உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

• ஸ்டீவன் யூனிவர்ஸ்: 2018 ஜூலையில் ரூபி, சஃபையர் என்ற இரு பெண் பாத்திரங்களுக்குத் திருமணமே நடந்தது. இந்தப் பட்டியலில் முடிவு வரை காத்திருக்காத தொடர் இதுதான்.

• அட்வெஞ்சர் டைம்: 2018 செப்டம்பரில் வந்த இறுதி எபிசோடில்தான் மார்சலினும் இளவரசி பபிள்கமும் முத்தமிட்டார்கள். இவர்களுக்குள் பழைய உறவு இருந்திருக்கும் என்று ரசிகர்கள் ஊகித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

• ஷீ-ரா: 2020 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்த கடைசி சீசனின் உச்சக்கட்டத்தில் அடோராவும் காட்ராவும் காதலைச் சொன்னார்கள். அந்தக் காதல்தான் உலகத்தையே காப்பாற்றியது. ஆனால், அதோடு தொடர் முடிந்தது.

இவை எல்லாமே தங்கள் காலத்தில் துணிச்சலான முயற்சிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால், பெரும்பாலும் காதல் ஒரு பரிசுப்பொருள் மாதிரி கடைசியில் வந்தது. காதலிக்க ஆரம்பித்த பிறகு அந்த இருவரும் எப்படி இருக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க நேரமே இல்லை. பெரும்பாலான ஆண்-பெண் காதல் கதைகளில் பார்வையாளர்களுக்கு இதெல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது.

லூஸ் - அமிட்டி: 43 எபிசோடுகளில் ஒரு காதல்

அமிட்டி பிளைட், ஹெக்ஸைட் மந்திரப் பள்ளியின் முதல் மாணவி. மூன்றாவது எபிசோடில் லூஸைச் சந்திக்கும்போது இருவரும் எதிரிகள். ஏழாவது எபிசோடில் அமிட்டி நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக்கொண்டிருப்பதை லூஸ் பார்க்கிறாள். இருவருக்கும் ஒரே ஃபேன்டஸி நாவல் வரிசைதான் பிடிக்கும் என்பது தெரியவருகிறது. பதினைந்தாவது எபிசோடில் இன்னொரு உண்மை வெளியாகிறது. உயிர்த்தோழி வில்லோவை அமிட்டி விட்டு விலகியது திமிரால் அல்ல. ‘நம்ம தகுதிக்கு அவள் சரிவர மாட்டாள்’ என்று பெற்றோர் மிரட்டியதால்.

பதினாறாவது எபிசோடுதான் திருப்புமுனை. 2020 ஆகஸ்ட் 8 அன்று ஒளிபரப்பானது. பள்ளி நடன விழாவில், ஒருவரின் ஆழமான பயத்தின் வடிவத்தை எடுக்கும் அரக்கனுடன் அமிட்டி சண்டை போட வேண்டும். அவளுடைய பயம் என்ன? ஒரு சீட்டு எழுதி ஒருவரை நடனத்துக்கு அழைக்க நினைக்கிறாள், அவர் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவாரோ என்பதுதான். லூஸும் அமிட்டியும் நடனமாடியபடியே அரக்கனை வீழ்த்துகிறார்கள். கடைசியில் கீழே கிடக்கும் சீட்டில் இருப்பது லூஸின் பெயர்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டதே, ஊர் என்ன சொல்லும்?’ என்ற பயம் அமிட்டிக்கு இல்லை. ‘அவள் மறுத்துவிட்டால்?’ என்பதுதான் பயம். பதினான்கு வயதில் யாருக்கும் வரக்கூடிய பயம். பின்னால் அமிட்டியின் அம்மா ஒடாலியா லூஸை வெறுக்கிறார். அதற்குக் காரணம் லூஸ் மனிதப் பிறவி, குடும்ப கௌரவத்துக்கும் வியாபாரத்துக்கும் இடைஞ்சல் என்பது. லூஸ் பெண் என்பது அந்தச் சண்டையில் ஒரு விஷயமாகவே வருவதில்லை. வில்லோவுக்கு இரண்டு அப்பாக்கள் இருப்பதும் அப்படித்தான். யாரும் அதை விளக்குவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக் காதலர்களாவது 27-வது எபிசோடில். முதல் முத்தம் 39-வது எபிசோடில், 2022 மே மாதம். காதலர்களாவதற்கு முன்பே அமிட்டி, அம்மாவின் விருப்பப்படி பச்சையாக வைத்திருந்த முடியைத் தன் இஷ்டப்படி ஊதாவாக மாற்றிக்கொள்கிறாள். லூஸ் தன் மனதில் இருக்கும் குற்ற உணர்ச்சியைக் காதலியிடமே மறைக்கிறாள், அதனால் உரசல் வருகிறது. சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால், இவை இருப்பதால்தான் இவர்கள் ‘பிரதிநிதிகள்’ என்ற நிலையைத் தாண்டி மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

ரெயின்: ‘அவன்’ இல்லை, ‘அவள்’ இல்லை

இரண்டாவது சீசனில் வரும் ரெயின் விஸ்பர்ஸ், இசை மந்திரப் பிரிவின் தலைவர், ஈடாவின் பழைய காதல். ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் வராதவர். டிஸ்னி தொடர்களில் இப்படி வந்த முதல் பாத்திரம் என்று அப்போது செய்திகள் குறிப்பிட்டன. குரல் கொடுத்த அவி ரோக்கேயும் அதே அடையாளம் கொண்டவர்.

ஆங்கிலத்தில் ரெயினைக் குறிக்கப் பன்மைச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்து அங்கே இலக்கணச் சண்டையே நடக்கும். தமிழில் அந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. ‘அவர்’ என்றால் போதும், மரியாதையும் ஆச்சு, பாலும் தெரியாது.

ரெயின்-ஈடா பிரிந்ததற்குக் காரணமும் அடையாளம் அல்ல. தன்மேல் இருக்கும் சாபத்தைப் பற்றி ஈடா மனம் திறந்து பேசவில்லை, நெருங்கி வந்தவரைத் தள்ளியே வைத்தார். நடுத்தர வயதில் இருவரும் மறுபடி நெருங்குவது, லூஸ்-அமிட்டியின் முதல் காதலுக்குப் பக்கத்தில் இன்னொரு முதிர்ந்த காதலாக ஓடுகிறது.

திரைக்குப் பின்னால்

தொடரை உருவாக்கிய டானா டெரஸ் தன்னை இருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்த நடன எபிசோடு வெளியானபோது அவரே பகிர்ந்த தகவல் இது: தொடரில் தன்பாலீர்ப்புச் சிறார்களை முக்கியப் பாத்திரங்களாக வைக்கப்போவதை அவர் ஆரம்பத்திலிருந்தே மறைக்கவில்லை. ஆனால், தயாரிப்புக்கு அனுமதி கிடைத்த பிறகு, அப்படிப்பட்ட எந்த உறவையும் சேனலில் காட்டக் கூடாது என்று டிஸ்னி தலைமையில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர் விடாமல் வாதாடினார், பிறகு வந்த தலைமை ஆதரவு கொடுத்தது.

டிஸ்னியின் ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ தொடரை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷும் தன் காலத்தில் இதற்கெல்லாம் தடை இருந்ததாக அப்போது சொன்னார். அது 2012-ல் தொடங்கிய தொடர். எட்டு வருடத்தில் நிலைமை மாறியிருக்கிறது. ஆனால், தானாக மாறவில்லை, யாரோ உள்ளே இருந்து சண்டை போட்டதால் மாறியது.

2021-ல் ‘தி அவுல் ஹவுஸ்’ சிறார் பிரிவில் பீபாடி விருது வென்றது. அதே வருடம்தான் இன்னொரு செய்தியும் வந்தது. முதல் சீசன் 19 எபிசோடு, இரண்டாவது 21. மூன்றாவது சீசன் மூன்றே மூன்று சிறப்பு எபிசோடுகள், அதோடு தொடர் முடிந்தது.

ஏன்? தொடர்கதையாகப் போகிறது, பார்ப்பவர்கள் கொஞ்சம் வயதில் பெரியவர்கள், நிறுவனத்தின் ‘பிராண்டு’க்குப் பொருந்தவில்லை என்று மேலே ஒருவர் நினைத்ததாக டெரஸ் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். காதல் உறவுதான் காரணம் என்று அவர் குற்றம்சாட்டவில்லை, நாமும் அப்படி முடிவு கட்ட முடியாது. ஆனால், விளைவு திரையில் தெரிகிறது.

2022 அக்டோபரில் வந்த முதல் சிறப்பு எபிசோடில் லூஸ் மனித உலகத்தில் இருக்கிறாள், அமிட்டியும் நண்பர்களும் கூடவே. தான் யார் என்பதை அம்மா கமீலாவிடம் சொல்கிறாள், அம்மா அணைத்துக்கொள்கிறார். ‘இயல்பாக இரு’ என்று மகளை முகாமுக்கு அனுப்பிய அதே அம்மா! மொத்தக் கதையும் இந்தத் தருணத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அதற்குக் கிடைத்த இடம், மாதக் கணக்கை வேகமாக ஓட்டிக்காட்டும் காட்சித் தொகுப்பில் சில நொடிகள். முழு சீசன் இருந்திருந்தால் ஓர் எபிசோடே எடுத்திருக்கலாம்.

‘கார்ட்டூனில் இதெல்லாம் தேவையா?’

அடிக்கடி வரும் கேள்வி. நியாயமாகவே பதில் சொல்லலாம். கார்ட்டூனில் காதல் புதிதல்ல. 1937-ல் வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்திலேயே இளவரசன் முத்தம் கொடுத்துத்தான் இளவரசியை எழுப்பினான். அதைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் யோசித்ததில்லை. ஆக, பிரச்சினை காதல் அல்ல, யாருடைய காதல் என்பதுதான். அந்த வயதில் தன்னைப் போல ஒருத்தரைத் திரையில் ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம்.

‘சும்மா கணக்குக்குச் சேர்க்கிறார்கள்’ என்ற இன்னொரு விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. வெட்டினாலும் கதை மாறாத இரண்டு நொடிக் காட்சியை வைத்துவிட்டு, ‘எங்கள் முதல் தன்பாலீர்ப்புப் பாத்திரம்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் உண்டு. ‘தி அவுல் ஹவுஸ்’ அந்த ரகம் இல்லை. லூஸ்-அமிட்டி காதலை வெட்டி எடுத்தால் அமிட்டி என்ற பாத்திரம் மாறுவதற்கே காரணம் இருக்காது.

இனி எதைக் கேட்க வேண்டும்?

தொடர் 2023 ஏப்ரலில் முடிந்தது. அடுத்த முறை ஒரு நிறுவனம் ‘முதல்முறையாக’ என்று அறிவிக்கும்போது, பார்வையாளர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அந்தப் பாத்திரம் எத்தனை எபிசோடில் வருகிறது? காதலைச் சொன்ன பிறகும் கதை தொடர்கிறதா? அந்தக் காட்சியை நீக்கினால் கதை நொண்டுமா, நொண்டாதா?

ஒரு முத்தக் காட்சியை அனுமதிப்பது நிறுவனத்துக்குச் சுலபம். எபிசோடுகளை அனுமதிப்பதுதான் கஷ்டம், அதற்குத்தான் பணம் செலவாகும். லூஸுக்கும் அமிட்டிக்கும் மூன்று வருடத்தில் 43 எபிசோடுகள் கிடைத்தன. அதற்கு முந்தைய ஜோடிகளில் பலருக்குக் கிடைத்ததைவிட அது அதிகம். ஆனால், அம்மாவிடம் மனம் திறந்து பேச அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கலாம்.